செறிவூட்டல் யாருக்கு? பக்கத்துப் பள்ளிகளின் கூட்டுப் பட்டறைகள் பற்றிச் சில குறிப்புகள்

போன பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, ஒரு நடுநிலைப் பள்ளியில் நடந்த 'செறிவூட்டல் பட்டறை'க்குக் கருத்தாளராகப் போயிருந்தேன். சுற்றுவட்டாரத்தில் உள்ள ஏழு தொடக்கப் பள்ளிகளிலிருந்து, பள்ளிக்கு நாலு பேர் வீதம் 28 பிள்ளைகள். எல்லோரும் நாலாம், ஐந்தாம் வகுப்பு. வாசலில் ஃப்ளெக்ஸ், கழுத்தில் அட்டை, பதினோரு மணிக்கு டீ, பிஸ்கட். இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்குப் போய்வந்தவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை.

டீ குடிக்கும்போது ஒரு தலைமையாசிரியை பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "ஸார், எங்க ஸ்கூல்ல மொத்தமே 23 பிள்ளைங்க. நாலு, அஞ்சு ரெண்டையும் சேத்தா ஒன்பது பேர். அதுல நாலு பேர கூட்டிட்டு வந்துட்டேன். மிச்ச அஞ்சு பேரும் ஆட்டோ கெளம்புற வரைக்கும் கேட்டுகிட்ட நின்னாங்க. 'நாங்க ஏன் மிஸ் வரக்கூடாது?'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. சும்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். பட்டறையை நடத்தியவர்களைக் குறைசொல்வது நோக்கமல்ல. நிகழ்ச்சி நிரலைப் போட்ட மூவரில் நானும் ஒருவன். ஆகவே இதைச் சுயவிமர்சனம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

1. சொல்லிலிருந்து தொடங்கலாம்

'செறிவூட்டல்' என்ற சொல் நம்மில் பலருக்கும் ரேஷன் கடை வழியாகத்தான் பழக்கம். செறிவூட்டப்பட்ட அரிசியை எப்படித் தயாரிக்கிறார்கள்? இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் ஒரு மணியைச் செய்து, அதை ஏறக்குறைய நூறு சாதாரண அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்துவிடுகிறார்கள். யார் தட்டில் சோறு விழுந்தாலும் சத்து போய்ச் சேரவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. (அந்த அரிசி பற்றி வேறு சர்ச்சைகள் உண்டு, அது இங்கே வேண்டாம்.)

நம் பட்டறைகளில் இது தலைகீழாக நடக்கிறது. நூறில் ஒன்றைத் தனியே பொறுக்கி எடுத்து, அதற்கு மட்டும் சத்து ஏற்றி, அனுப்பிவிடுகிறோம். மீதி தொண்ணூற்றொன்பது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கல்வித் துறையில் இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி 1977இல் முன்வைத்த செறிவூட்டல் மாதிரிதான் இதில் அதிகம் பேசப்படுவது. அவர் செயல்பாடுகளை மூன்று வகையாகப் பிரித்தார். முதல் வகை, பாடத்திட்டத்தில் இல்லாத புதிய விஷயங்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது. இரண்டாவது, யோசிக்கவும் தேடவும் பதிவுசெய்யவும் பழக்குவது. மூன்றாவது, ஒரு பிள்ளையோ ஒரு சிறு குழுவோ நிஜமான ஒரு சிக்கலைக் கையில் எடுத்து, நாள்கணக்கில் அதன் பின்னால் போவது. இதில் நம்மவர்கள் கவனிக்கத் தவறுகிற ஒன்று உண்டு. முதல் இரண்டு வகையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியவை என்பதுதான் அவர் நிலைப்பாடு. மூன்றாவதற்கும்கூட, ஒருமுறை தேர்வானவர்கள்தான் கடைசிவரை என்று அவர் வைக்கவில்லை. ஆர்வம் தலைதூக்கும்போது உள்ளே வரலாம், வேலை முடிந்ததும் வெளியே போகலாம் என்கிற 'சுழல்கதவு' ஏற்பாட்டைத்தான் பரிந்துரைத்தார்.

நாம் நடத்துவதோ பெரும்பாலும் முதல் வகை: ஓரிகாமி, மந்திரமா தந்திரமா, கணிதப் புதிர், கதைசொல்லல். எல்லாம் நல்லவைதான். ஆனால் எல்லோருக்கும் கொடுக்கவேண்டியதை நாலு பேருக்கு மட்டும் கொடுக்கிறோம். செறிவூட்டலின் மூலவரே கேட்காத தேர்வை நாம் ஏன் வைத்தோம்? உண்மையைச் சொன்னால், ஹாலில் 28 பேருக்குத்தான் இடம் இருந்தது. சாப்பாட்டுக்கும் அவ்வளவுதான் பணம். அதற்கு மேல் கல்விக் காரணம் எதுவும் இல்லை.

2. நாலு பேர் என்கிற கணக்கு

'பள்ளிக்கு நாலு பேர்' என்பது பார்வைக்குச் சமநீதி மாதிரி இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டால் வேறு மாதிரி தெரியும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நாலு. அதற்கு மேல் 200 வரை ஐந்து. வகுப்புகளோ எங்கும் ஐந்துதான். அதாவது கிராமத்துச் சின்னப் பள்ளி என்றாலே அது ஈராசிரியர் பள்ளி.

அந்த 23 பிள்ளைகள் பள்ளியிலிருந்து தலைமையாசிரியை நாலு பேருடன் கிளம்பி வந்துவிட்டார். மிச்சம் 19 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, ஒரே ஆசிரியர். அன்றைக்கு அங்கே பாடம் என்று ஒன்றும் நடந்திருக்காது. பிள்ளைகளை மேய்ப்பதற்கே அந்த ஒருவருக்கு நேரம் சரியாக இருந்திருக்கும். அதே பட்டறைக்கு 140 பேர் படிக்கிற பள்ளியும் நாலு பேரை அனுப்பியது. அங்கே ஐந்தில் ஒரு ஆசிரியர் வந்தார், வகுப்புகள் ஓடின. ஆக, நாலு பேரின் செறிவூட்டலுக்கான செலவை ஒரு பள்ளியில் மீதிப் பிள்ளைகள் முழுசாகக் கட்டினார்கள், இன்னொரு பள்ளியில் யாருக்கும் வலிக்கவில்லை.

அந்த நாலு பேர் யார் என்பது அடுத்த கேள்வி. ஆசிரியர்களைக் கேட்டேன். "நல்லா பேசுறவங்க", "ஸ்கூல் பேரக் காப்பாத்துறவங்க", "வீட்ல அனுப்புறவங்க". மூன்று பதிலும் நேர்மையானவை. ஆனால் இந்த மூன்று சல்லடையிலும் மாறிமாறி விழுந்துபோகிறவர்கள் ஒரே பிள்ளைகள்தான். மெதுவாக வாசிக்கிறவர்கள், வாயைத் திறக்காதவர்கள், வீட்டில் தம்பி பாப்பாவைப் பார்த்துக்கொள்கிற பெண்பிள்ளைகள்.

2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உறுதிசெய்யப் பார்க்கிறது. தேவையான வேலை அது. ஆனால் இந்தப் பக்கம் பின்தங்கியவர்களுக்கு அடிப்படை, அந்தப் பக்கம் முந்தியவர்களுக்குச் செறிவூட்டல் என்று தடம் பிரிந்துவிட்டால், மெதுவாக வாசிக்கிற பிள்ளைக்குப் பள்ளி என்பது ஐந்து வருடமும் திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டல் மட்டும்தான் என்று ஆகிவிடும். புதிரும் பரிசோதனையும் அவன் கண்ணிலேயே படாது. ஆசை வருவதற்கே வழியில்லாத இடத்தில் வாசிப்பு மட்டும் எங்கிருந்து வரும்?

3. ஒன்றாக உட்காரவைத்தால் போதுமா?

இந்தப் பட்டறைகளுக்கு நாங்கள் சொல்கிற இரண்டாவது நியாயம், 'பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழகுவார்கள்' என்பது. இது பழைய கனவு. 1964-66 கோத்தாரி கல்விக் குழு, ஒரு உயர்நிலைப் பள்ளியைச் சுற்றியுள்ள நடுநிலை, தொடக்கப் பள்ளிகளை ஒரு கொத்தாக இணைத்து, ஆய்வகம், நூலகம், ஆசிரியர் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளச் சொன்னது. சாதி, வசதி பார்க்காமல் ஒரு வட்டாரத்தின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கும் அருகமைப் பள்ளியையும் பரிந்துரைத்தது அதே குழுதான். 2020 தேசியக் கல்விக் கொள்கை பள்ளிக் கொத்துகளைப் பற்றி மறுபடி பேசியபோது, முந்தைய பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டே பேசியது. கொத்து என்ற பேரில் சின்னப் பள்ளிகளை மூடிவிடுவார்களோ என்கிற பயம் இங்கே பலருக்கு உண்டு. எனக்கும் உண்டு. அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் வந்த குறுவள மையங்கள் ஓரளவு அந்தக் கனவின் மிச்சம் எனலாம். ஆனால் அங்கே கூடுவது ஆசிரியர்கள்தான். பிள்ளைகள் கூடுவதற்கென்று இந்தப் பட்டறை மாதிரி ஒன்றிரண்டு நாள்கள்தான் வாய்க்கின்றன.

சரி, கூடிய அந்த ஒரு நாளில் என்ன செய்தோம்? பள்ளிவாரியாக உட்காரவைத்தோம். பள்ளிவாரியாகக் குழுப் பெயர் வைத்தோம். கேள்விக்குப் பதில் சொன்னால் கரும்பலகையில் பள்ளியின் பெயருக்கு நேராகப் புள்ளி. பதினொன்றரைக்கெல்லாம் "ஏய், அவங்க பாத்து எழுதுறாங்க ஸார்" தொடங்கிவிட்டது. மத்தியானம் பந்தியில் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் பள்ளிவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். ஒரு பையன் எதிரில் இருந்தவனிடம் பேர் கேட்கும் முன்னால் "நீ எந்தத் தெரு?" என்று கேட்டதை நான் காதால் கேட்டேன். ஏழு பள்ளிகளில் எது ஊருக்குள் இருக்கிறது, எது காலனிப் பக்கம் இருக்கிறது என்பது பெரியவர்களைவிடப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே நாங்கள் குழு பிரித்து, அதற்குப் பேரும் புள்ளியும் கொடுத்திருந்தோம்.

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்கவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அப்போது இதைச் சின்ன விஷயம் என்று நினைத்தேன். அந்தப் பந்தியைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

ஆய்வுப் பக்கத்திலும் இதற்கு வெளிச்சம் உண்டு. 1954 கோடையில் முஸஃபர் ஷெரீஃப் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பதினொரு வயதுப் பையன்கள் 22 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து முகாம் நடத்தினார். போட்டியும் பரிசும் வந்ததும் சண்டை வந்தது. பிறகு ஒன்றாகச் சாப்பிடவைத்தார், ஒன்றாகப் படம் பார்க்கவைத்தார். சண்டை குறையவில்லை, சாப்பாட்டையே தூக்கி எறிந்துகொண்டார்கள். தண்ணீர்க் குழாய் அடைப்பைச் சரிசெய்வது, நின்றுபோன வண்டியை இழுப்பது என்று இரண்டு குழுவும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகள் வந்தபோதுதான் நிலைமை மாறியது. அதே 1954இல் வெளியான நூலில் கார்டன் ஆல்போர்ட் சொன்னதும் இதை ஒட்டியதுதான்: வெறும் சந்திப்பு போதாது. சமமான இடம், பொது இலக்கு, கூட்டுவேலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு, எல்லாம் வேண்டும்.

ஷெரீஃபின் ஆய்வு மீது கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஜினா பெர்ரி 2018இல் எழுதிய நூல், 1953இல் அவர் நடத்திக் கைவிட்ட இன்னொரு முகாமைப் பற்றிப் பேசுகிறது. அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, அப்புறம்தான் பிரித்தார்கள். எவ்வளவு தூண்டிவிட்டும் அவர்கள் அடித்துக்கொள்ளவில்லை. எனக்கு வெற்றிபெற்ற ஆய்வைவிட இந்தத் தோற்ற ஆய்வுதான் நம் பட்டறைகளுக்கு உபயோகமாகப் படுகிறது. முதலில் பழக்கம், பிறகு குழு. நாங்கள் காலை ஒன்பதரை மணிக்கே குழு பிரித்துவிட்டோம்.

4. பெட்டி வராத மத்தியானம்

மத்தியானத்துக்கான அறிவியல் பெட்டியைக் கொண்டுவரவேண்டிய வண்டி வழியில் நின்றுவிட்டது. கையில் இரண்டு மணி நேரம், 28 பிள்ளைகள், ஒரு டப்பா சாக்பீஸ். வேறு வழியில்லாமல், "அவங்கவங்க வீட்லேருந்து இங்க வர்ற வழிய தரையில வரைங்க" என்றேன்.

பத்து நிமிஷத்தில் ஒருவன் ஏரியை வரைந்தான். ஏழில் ஐந்து ஊர் அந்த ஒரே ஏரியின் ஆயக்கட்டில்தான் இருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "மதகு அங்க இல்ல, எங்க பக்கம்" என்று ஒரு பிள்ளை எழுந்து வந்தாள். இன்னொரு பள்ளிப் பையன், "அது பெரிய மதகு, சின்னது எங்கூர்ல இருக்கு" என்றான். கலங்கல் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்த மழைக்குத் தண்ணீர் வழிந்தது என்று தெரிந்திருந்தது. கடைமடை ஊரிலிருந்து வந்தவள், "எங்களுக்குத் தண்ணியே வராது" என்று ஒரே வரியில் சொன்னாள். "ஏன் வராது?" என்று கேட்டது நான் இல்லை, மதகுக்காரப் பையன்.

அந்த ஹால் தரையில் யாருக்கும் முழு ஏரி தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுதான் தெரியும். ஆகவே எல்லோரும் எல்லோரையும் கேட்டாகவேண்டியிருந்தது. 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் 'ஜிக்சா வகுப்பறை' என்று செய்து பார்த்ததும் இதுதான். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்து, சேர்த்தால்தான் முழுமை என்று ஆக்கினார். அவர் அட்டையில் வெட்டிக் கொடுத்ததை எங்களுக்கு ஏரியே வெட்டிக் கொடுத்திருந்தது.

வரைபடத்தில் வாய்க்கால்கள் போட்டவன் ஒரு மெலிந்த பையன். காலையில் அவன் கையில் கொடுத்த கதை அட்டையை வாசிக்க முடியாமல் பக்கத்தில் இருந்தவனிடம் தள்ளிவிட்டவன். லீவு நாளில் ஆடு ஓட்டிக்கொண்டு கரையெல்லாம் சுற்றுகிறவனாம். மூணு மணிக்கு எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் "டேய், இங்கருந்து எங்கடா போவும்?" என்று அவனைத்தான் கேட்டார்கள். அவன் எழுந்து நின்று சாக்பீஸால் காட்டிக்கொண்டிருந்தான். நான் அவன் டீச்சரைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்: "நாலாவதா வரவேண்டிய பொண்ணுக்குக் காய்ச்சல் ஸார். அதான் இவன கூட்டிட்டு வந்தேன்."

அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால்? இதைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

5. அப்படியானால் என்ன செய்யலாம்?

ஒரு மத்தியானத்தை வைத்துக் கோட்பாடு கட்டக்கூடாது என்பது தெரியும். மறுநாள் அவரவர் பள்ளி, அவரவர் தெரு. 'ஒரு நாளாவது வெளிய வந்து சந்தோஷமா இருந்தாங்களே' என்று ஆசிரியர்கள் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அதே காசில், அதே உழைப்பில் கூடுதலாகச் செய்யமுடியும் என்றுதான் நினைக்கிறேன்.

நமக்குப் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியின் கிராமத்துப் பள்ளிகளில் 'மெட்ரிக் மேளா' நடத்துவார்கள். பிள்ளைகளே கடை போட்டு, எடை போட்டு, உயரம் அளந்து, கணக்கு விளையாட்டுகளை நடத்துவார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து பங்கெடுப்பார்கள். அங்கே கருத்தாளர் பிள்ளைகள்தான். நாம் கொண்டாடிய செயல்வழிக் கற்றலின் வேரும் அந்தப் பள்ளிகளில்தான் இருக்கிறது. அட்டைகளை எடுத்துக்கொண்டோம், மேளாவை விட்டுவிட்டோம்.

என் யோசனைகள் இவை:

ஏழு பள்ளியிலிருந்து நாலு நாலு பேர் வேண்டாம். நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் இரண்டு மூன்று பள்ளிகளின் நாலாம், ஐந்தாம் வகுப்பு முழுசும் வரட்டும். எண்ணிக்கை அதே முப்பதுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம், தேர்வு என்ற பேச்சே எழாது. ஆட்டோ செலவும் குறையும்.

வருடத்துக்கு ஒரு நாள் என்பதற்குப் பதில், அதே பிள்ளைகள் மூன்று தடவை சந்திக்கட்டும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பள்ளியில். காலனிப் பள்ளியும் விருந்து வைக்கிற முறை வரவேண்டும். யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்பது நம் ஊரில் சின்ன விஷயமே அல்ல.

முதல் ஒரு மணி நேரம் குழுவே வேண்டாம். பிறகு சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாம். பள்ளிப் பேருக்குப் புள்ளி வேண்டாம், பரிசும் வேண்டாம்.

கையில் எடுக்கிற வேலை, இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்தால்தான் முடியும் என்று இருக்கவேண்டும். ஏரி, சந்தை, பஸ் ரூட், கோயில் மரங்கள், பறவைகள் என்று எதுவானாலும் சரி. பெட்டியில் வருகிற சாமான்கள் இரண்டாவதுதான்.

கடைசியாக, சான்றிதழுக்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையும் தன் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குச் செய்துகாட்டக்கூடிய ஒரு விஷயத்தோடு திரும்பவேண்டும். அதுதான் அந்த நூறு அரிசியில் ஒன்று கலக்கிற வேலை.

இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. முழு வகுப்பு வந்தால் சத்தம் அதிகம். மெதுவான பிள்ளைகளுக்கு நேரம் கொடுத்தால் நிகழ்ச்சி நிரல் தள்ளிப்போகும். அறிக்கையில் 'ஏழு பள்ளிகள் பயன்' என்று போட முடியாது, இரண்டு என்றுதான் போடமுடியும். பணம் தருகிறவர்களுக்கு ஏழுதான் பிடிக்கும் என்பதும் தெரியும். அதை அவர்களிடம் உட்கார்ந்து பேசவேண்டியது நம் வேலை. நானும் இதுவரை பேசியதில்லை.

அந்தத் தலைமையாசிரியைக்குச் சொல்லவேண்டிய பதிலுக்கு வருகிறேன். கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற அந்த ஐந்து பேர் வரக்கூடாது என்பதற்குக் காரணமே கிடையாது, மிஸ். இடமில்லை என்று நாங்கள் சொன்னோம், அவ்வளவுதான். அடுத்த முறை ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இல்லை, நாங்கள் உங்கள் பள்ளிக்கு வருகிறோம்.